கமலைத் தோலில் தைத்த கோட்டு

சோலையப்பன் செத்துப்போனான்.

எம்.ரெட்டியபட்டி சோலையப்பன். மரணக்கிணற்றில் பைக் ஓட்டினவன். காலையில் அவன் மகன் மணி போட்ட போஸ்ட்டை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"அப்பாவுக்கு அவுக லெதர் கோட்டப் போட்டு அனுப்பணும்னு ஆசை. தகரம் மாதிரி வெறச்சுக் கிடக்கு. கை நுழைய மாட்டேங்குது" என்று எழுதியிருக்கிறான். சாயங்காலம் எடுக்கிறார்களாம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அந்தக் கோட்டு நான் தைத்தது. அருப்புக்கோட்டையில், என் தகரக் கொட்டகையில், எண்பதுகளின் கடைசியில்.

அதுவரை நான் கோட்டு தைத்தவன் இல்லை. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கமலைக்குத் தோல் வால் தைப்பவன், தண்ணீரைக் கொட்டுகிற தோல் குழாய். கிணறுகளுக்கு மோட்டார் வந்த பிறகு செருப்பு, பை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சோலையப்பன் தோளில் ஒரு தோல் சுருளோடு வந்தான். அவன் அப்பா கமலைக்கென்று வாங்கிப் போட்ட மாட்டுத் தோல். மோட்டார் வந்துவிட்டதால் ஒரு தடவைகூடத் தண்ணீரைப் பார்க்காதது.

"ஏலே, இதுல எனக்கு ஒரு கோட்டு தையி. கோட்டு இல்லாம கெணத்துல ஏற விடமாட்டேங்குறான் ஓனரு."

"கோட்டுக்கு ஆட்டுத் தோலுதாம்லே. இது கனம். கதவ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

"கதவுன்னா நல்லதுதான. விழுந்தா தாங்கும்ல."

அவன் அப்பா வீட்டு வாசப்படியை நான் தாண்டியதில்லை. தாண்டவிட்டதில்லை. இவன் என் கொட்டகையில் குத்தவைத்து என் தூக்குவாளிக் கஞ்சியைக் குடிப்பான். அதனால் தைத்தேன்.

எனக்குத் தெரிந்தது கமலைத் தையல்தான். ஓரத்தை மடித்து, மெழுகு நூலில் இரட்டைத் தையல். சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது... அவன் வேர்வையும் போகவில்லை. ஆட்டம் முடிந்து கோட்டைக் கழற்றினால் கை வழியாக ஊற்றும். "கமலை நல்லா எறைக்குதுலே" என்பான்.

வேர்வை உப்பு தோலைத் தின்றுவிடும். ஈரத்துணியில் துடை, நிழலில் காயவை, அவ்வப்போது விளக்கெண்ணெய் தடவு, ஆணியில் மாட்டாதே, கழுத்து பிய்ந்துபோகும்... படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டானா? சோப்புத்தூள் போட்டு அலசி வெயிலில் காயப்போட்டான்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று செய்தான். கிணற்றில் சுற்றும்போது இரண்டு கையையும் விட்டுத் தூக்கிக் காட்டினால்தான் ஜனம் விசிலடிக்கும். கோட்டு கையைத் தூக்கவிடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அக்குள் தையலை பிளேடால் அறுத்துவிட்டான்.

விழுந்தான். திருச்சுழித் திருவிழாவில், செயின் கழன்று, பலகையில் உரசிக்கொண்டே அடிவரைக்கும். கோட்டு மூடியிருந்த இடத்தில் ஒரு கீறல் இல்லை. அறுத்த இடத்தில் சதை கிழிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கே போய்த் திட்டினேன்.

"தோல்ல போட்ட தொளை தொளைதாம்லே, துணி மாதிரி மூடாது. யாரக் கேட்டு பிளேடு போட்ட?"

"நோவுதுலே... கோட்டு எப்பிடி இருக்கு?"

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. நீதான் கிழிஞ்சு கெடக்க."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு அக்குளிலும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கை நன்றாக மேலே போனது. "இனி பிளேட எடுத்த, கைய ஒடிச்சிருவேன்" என்றேன். தொண்ணூறுகளில் அவன் கிணற்றை விடும்வரை அந்தத் தையல் விடவில்லை.

போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன், இந்த வயதில். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல... முகநூலில் முதலில் தேடியது அவனைத்தான். "ஏலே" என்று இரண்டே எழுத்து அனுப்பினேன்.

"கோட்டுக்காரனா? ஒனக்கு எப்பலே எழுத வந்துச்சு?" என்று உடனே பதில். அன்றைக்குப் பூராவும் அதையே திறந்து திறந்து படித்தேன்.

கோட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எண்ணெய் போட்டுப் பதமா வச்சிருக்கேம்லே" என்று எழுதினான்.

பொய். மணி போட்ட போட்டோவில் கோட்டு ஆணியில் தொங்குகிறது. கழுத்து பிய்ந்து, உப்புப் பூத்து... படுபாவி.

மணிக்குப் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. நண்பர்களே, எம்.ரெட்டியபட்டிப் பக்கம் யாராவது இருந்தால் இதை அவனிடம் காட்டுங்கள். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறேன். என்னால் வர முடியாது.

மணி, கோட்டில் சுடுதண்ணீர் ஊற்றாதே. அடுப்பில் காட்டாதே. எண்ணெய் ஊறி இளகுவதற்கும் இனி நேரமில்லை.

அக்குளில் ஆட்டுத்தோல் துண்டு தெரியும். அதைச் சுற்றிப் போன தையலை பிளேடால் அறு. நூலை மட்டும், தோலில் படாமல். இரண்டு பக்கமும். கை நுழையும்.

சோலை... வெட்டிக்கோலே. நான் ஒண்ணும் சொல்லல.