நான் பார்க்காத பருந்துகள்

என் அக்காவைப் பொய்க்காரியாக்கியவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பன்னிரண்டு.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பள்ளி விடுமுறையில் அப்பாவுக்கு உதவியாக ரப்பர் பால் எடுக்கப் போவோம். மார்ச் மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறியபின், நிரம்பிய பால் வாளியுடன் அக்கா முன்னே நடந்தாள். மரங்கள் விலகி வானம் தெரிந்த இடத்தில் அண்ணாந்தேன்.

பருந்துகள். இறக்கையை அசைக்காமல் சுழன்று சுழன்று மேலேறின. உச்சியை அடைந்ததும் ஒவ்வொன்றாக வடக்கே வழுக்கிப் போயின. கீழிருந்து புதிதாக வந்துகொண்டே இருந்தன. அத்தனை பறவைகள், ஒரு சத்தம் இல்லை. தனியாகப் பார்க்கப் பயந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். வாளி கவிழ்ந்தது. அவளும் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

பால் நிறுக்கும் இடத்துக்கு வந்தபோது வானம் வெறுமையாக இருந்தது. காலி வாளியைப் பார்த்து அப்பா கேட்டபோது, நான் இழுத்ததை அக்கா சொல்லவில்லை.

“வானம் பூரா பருந்துப்பா. அண்ணாந்து பாத்தேன், கை நழுவிருச்சு.”

“எத்தன?”

“எண்ண முடியலப்பா.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். “கோழிக்குஞ்சு தூக்க ஊர்வலமா வந்துச்சோ?”

அப்பா என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியாடா?”

பார்த்தேன் என்றால் இழுத்ததும் வெளிவந்துவிடும்.

“இல்லப்பா. ஒன்னுமே இல்ல.”

அடி அவளுக்கு விழுந்தது. பெயரும் ஒட்டிக்கொண்டது. தலைவலி என்று படுத்தால்கூட, “பருந்துக்காரி சொல்றா, நம்பிராதீங்க லா” என்பார்கள்.

இருவருக்கும் தலை நரைத்தபின், இந்த மார்ச்சில், கூலிம் ஊரில் மகன் வீட்டிலிருக்கும் அவளை ஜெராய் மலையடிவாரத்துக்குக் காரில் அழைத்துப் போனேன். வலசைப் பறவைகளைப் பார்க்கச் சிலர் வந்திருந்தார்கள். வெயில் ஏறியதும் அவை வந்தன. அதே சுழல், அதே அமைதி. சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வரும் தேன்பருந்துகள் என்றாள், தொலைநோக்கியுடன் நின்ற ஒரு பெண்.

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “அக்கா, அன்னிக்கு நானும் பாத்தேன். ஒன் கைய இழுத்ததும் நான்தான்.”

“இழுத்தது தெரியும்டா” என்றாள். “பாத்தியான்னுதான் தெரியாம இருந்துச்சு.”

ஒரு வாளிப் பாலை மறைப்பதாகத்தான் அந்த வயதில் நினைத்தேன். அவள் கண்களை அவளே நம்பாதபடி செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னை விட்டுத் திரும்பி, அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டாள்.

“மேல நெறய சுத்துதே, பொண்ணு... ஒனக்கும் தெரியுதா?”

“தெரியுது பாட்டி. எண்ணவே முடியல.”

அதன்பிறகுதான் அக்கா வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.