நைனாவின் வெள்ளணுக்கள்

அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போகவில்லை. திருப்பதியில் பிஎச்டி கடைசி ஆண்டு. காயம்பட்ட இடத்துக்கு ரத்தத்தின் வெள்ளணுக்கள் எப்படி நகர்ந்து போகின்றன, எவ்வளவு நேரம் உயிரோடிருக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. மரபணுவின் எழுத்து மாறாது. அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் ரசாயனக் குறிகள்தான் அதைத் திறக்கவும் மூடவும் செய்யும். அந்தக் குறிகள் அழியாமல் தடுக்கிற ஒரு மருந்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அணுக்கள் எடுத்து வைத்தால் தங்காது. ஒவ்வொரு தடவையும் புது ரத்தம் வேண்டும். கொடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள் ஒவ்வொருவராக ஐதராபாத், பெங்களூரு, அமெரிக்கா என்று சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விட்டார்கள். விடுமுறையில் ஹாஸ்டலே காலி. மூன்று நாளாக வாட்ச்மேனைத் தவிர யாரோடும் பேசவில்லை. எஸ்டிடி பூத்திலிருந்து நைனாவை, என் அப்பாவை, கூப்பிட்டபோது, ரத்தம் கொடுக்க ஆளில்லாமல் வேலை நின்றுவிட்டது என்று சொன்னேன். அம்மா போனபின், ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் ஊர் நாகலாபுரத்தில் அவரும் தனியாள்தான்.

மறுநாள் காலை ஆய்வுக்கூட வாசலில் நின்றிருந்தார். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"என் ரத்தம் ஆவாதா?" என்றார்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுக்கக்கூடாது என்பது எங்கள் விதி. அவருக்கு ஐம்பத்தெட்டு. அவ்வளவு தூரம் வந்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெலுங்கில் இருந்த சம்மதப் படிவத்தைப் படித்துச் சொன்னேன். தமிழில் கையெழுத்துப் போட்டார். செவிலி ஊசி குத்தும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குள் திரையில் அவருடைய அணுக்கள் ஊர ஆரம்பித்தன.

"எங்க போவுதுங்க?"

"காயம் இருக்குதுன்னு நெனச்சிக்கினு போவுதுங்க நைனா. அந்தப் பக்கம் ஒரு மருந்து வெச்சிருக்கோம், அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம், ஏமாத்துறீங்க," என்றார்.

என் ஆராய்ச்சி மருந்தைப் போட்ட இன்னொரு தட்டை நான் அவருக்குக் காட்டவில்லை. அதில் பாதி அணுக்கள் நகரவே இல்லை. பல அதற்குள் சுருங்கிச் செத்திருந்தன.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக, வேளைக்குத் துன்னச் சொன்னார். பண்டிகைக்கு ஏன் வரவில்லை என்று கடைசிவரை கேட்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்த என் ஆராய்ச்சி வழிகாட்டி, படிவத்தில் நைனாவின் வயதைப் பார்த்தார். திட்டவில்லை, அன்றைய முடிவுகளை நீக்கிவிடச் சொன்னார். நீக்கினேன்.

ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானபோது நான் ஜெர்மனியில் இருந்தேன். போனில் சொன்னதும் நைனா கேட்டார்:

"என்னுது வந்துச்சா அதுல?"

"வந்துச்சி நைனா."

பால் சொசைட்டியில் எல்லோரிடமும் அதைச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பேசும்போது அவரே சொன்னார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கே எப்படிக் குளிர் என்று கேட்டார், அதைப் பற்றிப் பேசினேன். நைனா வந்த அன்று எடுத்த, அவருடைய அணுக்கள் ஊரும் படங்கள் மட்டும் ஒரு சிடியில் என்னிடம் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும், கதவைத் தட்ட யாரும் வரமாட்டார்கள். அதைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன்.