சலவைக்காரி ஆல்மைரா ஜூரியில் உட்கார்ந்தது

1870 மார்ச். அமெரிக்காவின் வயோமிங் அப்போது மாநிலமாகவில்லை, வெறும் பிரதேசம்தான். அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஆல்டர் ஸ்பர் என்ற ரயிலடி ஊரில் சலவைக்கடை நடத்திவந்த ஆல்மைரா டட்டிலுக்கு ஒரு கொலை வழக்கில் ஜூரியாக, அதாவது தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக, வரச்சொல்லி நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. சாப்பாடு தாமதமானதற்காக ஹோட்டல் சமையல்காரனைச் சுட்டுக் கொன்றவன் ஜெத்ரோ பிளன்ட்.

மறுநாள் காலை ஜெத்ரோவின் தம்பி அமோஸ் இரண்டு சட்டைகளோடு கடைக்கு வந்தான்.

"பலகை வீடுதானம்மா இது? அடுப்பு வேற எப்பவும் எரியுது. பாத்து இருந்துக்கங்க."

அவன் போன பிறகும் அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இஸ்திரிப் பெட்டி வைத்த இடத்திலேயே சட்டை கருகியது.

"நீ போகாத," என்றான் ரயிலில் வேலை பார்க்கும் கணவன் ஆர்சன். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடு. பொம்பளைங்க ஜூரின்னு ஊரே சிரிக்குது."

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. வழக்கு நாளில் அந்த எண்ணத்தோடுதான் நீதிமன்றத்துக்குப் போனாள்.

"விலகிக்க நினைக்கிற பெண்கள் இப்பவே சொல்லிடலாம்," என்றார் நீதிபதி. ஆல்மைரா எழுந்தாள். கூட்டத்தில் அமோஸ் அவளைப் பார்த்து, சொன்ன வேலையைச் செய்யும் ஆளைப் பார்ப்பதுபோலத் தலையாட்டினான்.

"ஐயா, அந்த ஜன்னல மூடச் சொல்லுங்க. குளிருது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு ஆண்கள், ஆறு பெண்கள். இரண்டு நாள் பேசினார்கள். ஆண்களில் மூவர் ஜெத்ரோவை விட்டுவிடலாம் என்றார்கள்.

"சமையல்காரன் கையில கரண்டிதான இருந்துச்சு?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். வேறு வாதம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பன்னிரண்டு பேரும் 'குற்றவாளி' என்றார்கள்.

கடை எரிந்திருக்கும் என்று நினைத்தபடியே வீடு திரும்பினாள். எரியவில்லை. அமோஸ் அந்த வாரமே ஊரை விட்டுப் போனான். ஆனாலும் அடுத்த கோடைவரை கதவு தட்டும் சத்தம் கேட்டால் அவள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

அடுத்து வந்த நீதிபதி பெண்களை ஜூரிக்கு அழைப்பதையே நிறுத்திவிட்டார். சேதி கேட்டதும் அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அன்று சாயங்காலம் துணி பிழியும்போதுதான் கோபம் வந்தது.

"எங்கள வேணாம்னு சொல்ல அவரு யாரு?" என்று ஆர்சனிடம் கேட்டாள்.