புதன்கிழமைக்காரி

லாண்டரி அக்கா இதுவரைக்கும் தோய்ச்ச பெட்ஷீட்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணா முடிச்சுப் போட்டா, நிலாவுக்கே போயிட்டு வரலாம். மிச்சம் கிடக்குறதுல தலையும் துவட்டிக்கலாம். அவ கை ரெண்டும் தண்ணியில ஊறியே வெளுத்துச் சுருங்கிப் போச்சு. சிம் கார்டு வாங்கப் போன இடத்துல ரேகை மெஷினு அவ விரலைப் பாத்துட்டு, யாரும்மா நீன்னு திருதிருன்னு முழிச்சுதாம்.

லாண்டரி நடத்துறது மூணு பேரு. அக்கா, அவ வீட்டுக்காரரு, அவ கூடப்பொறந்த தம்பி. லாட்ஜுல இருந்து தினமும் மூட்டை மூட்டையா வரும். லாட்ஜுல வந்து தூங்குறவன் கிழமை பாத்தா தூங்குறான்?

கிழமை பாக்குறது இவங்கதான். மூணு பேருமே இயேசுவைக் கும்பிடுற ஆளுங்க. ஆனா வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமை சபை, தம்பிக்குச் சனிக்கிழமை சபை. சபை நாள்னா ஓய்வுநாள், வேலையில கை வைக்க மாட்டாங்க. தெருக்காரங்க ரெண்டு பேரோட சொந்தப் பேரையும் மறந்தே போயிட்டாங்க. அவரு 'ஞாயிறு', இவன் 'சனி'. சனின்னு கூப்பிட்டா தம்பிக்குப் பொத்துக்கிட்டு வரும். கூப்பிடுறதே அதுக்குத்தானே!

தம்பி சபைக்கு முந்தின நாள் பொழுது சாஞ்சாலே ஓய்வுநாள்தான். வெள்ளிக்கிழமை சூரியன் எறங்குனா தம்பியும் எறங்கிருவான். கையில பாதி பிழிஞ்ச துணி இருந்தாலும் தொப்புன்னு போட்டுட்டு நடையைக் கட்டிருவான். வீட்டுக்காரரு மட்டும் லேசுப்பட்டவரா? சனிக்கிழமை ராத்திரியே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, அது கசங்காம இருக்க அதைக் கட்டில்ல படுக்க வச்சுட்டு, அவரு தரையில படுப்பாரு.

சரி, ஆளுக்கு ஒரு நாள் மாத்தி மாத்தி வேலை பாக்கட்டுமேன்னு கேப்பீங்க. பெட்ஷீட் மடிக்க ரெண்டு ஆள் வேணும்ல? அந்தப் பக்கம் ரெண்டு மூலை, இந்தப் பக்கம் ரெண்டு மூலை. அந்த ரெண்டாவது ஆளு எப்பவும் அக்காதான். சனிக்கிழமை புருசனுக்கு எதிர்ல நிப்பா, ஞாயித்துக்கிழமை தம்பிக்கு எதிர்ல நிப்பா. எந்தச் சபையிலயும் அவ நிம்மதியா உக்காந்து ஒரு பாட்டு பாடி வருசக்கணக்காச்சு. எப்பவாச்சும் சாயங்கால ஜெபத்துக்கு ஓடுவா. கண்ணை மூடச் சொன்னா டக்குன்னு மூடிருவா. தெறக்கச் சொல்லும்போதுதான் சிக்கல்.

இந்த லட்சணத்துல கிழமைச் சண்டை முத்திப்போயி, மாமனும் மச்சானும் பேச்சுவார்த்தை இல்ல. எல்லாம் அக்கா வழியாத்தான்.

"அக்கா, மாமாவை அந்த வாளியை நகத்தச் சொல்லு." வாளி தம்பியோட கால்லயே இடிக்குது.

"ஏம்மா, உன் தம்பிக்குக் கை இல்லையான்னு கேளு."

அக்கா அந்தக் கோடியில இருந்து வந்து வாளியை நகத்திட்டுப் போவா. வாய் பேசாது. பேசவும் தெம்பு வேணுமே. ராத்திரி அவ தூங்குனாலும் முதுகு மட்டும் தனியா முழிச்சுக்கிட்டுக் கிடக்கும். விடிஞ்சா, நேத்து வச்ச அசதி மேலயே இன்னைக்கு அசதியை எடுத்து அடுக்கிக்குவா.

அன்னைக்குப் புதன்கிழமை. காலையிலயே மூட்டை வந்துச்சு. அக்கா அது மேல உக்காந்தா. உக்காந்தவ எந்திரிக்கல.

"எனக்கு இன்னைக்கு ஓய்வுநாள்."

"புதன்கிழமையா? எந்த வேதத்துல இருக்கு?"

ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே மூச்சுல கேட்டாங்க. கேட்டுட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்து முழிச்சாங்க.

"ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. இதுல உங்க ரெண்டு பேருக்கும் சண்டை இல்லையே? நானும் எண்ணிக்கிட்டேதான் வாரேன், எனக்கு அந்த ஒரு நாள் வரவே மாட்டேங்குது. நீங்க ரெண்டு பேரும் ஆண்டவருக்குன்னு ஓய்ஞ்சிருக்கீங்க, நான் தப்பு சொல்லல. ஆனா அந்த ஓய்வைத் தோய்ச்சுக் காயப்போட்டுத் தர்றது யாரு?"

அக்கா அந்த மூட்டை மேலயே சாஞ்சு கண்ணை மூடிட்டா.

காஞ்ச துணி கொடியில தொங்குது, லாட்ஜு வண்டி வந்துரும். வேற வழியில்லாம வீட்டுக்காரரு ரெண்டு மூலையைப் பிடிச்சாரு, தம்பி ரெண்டு மூலையைப் பிடிச்சான். அவரு இடது பக்கம் மடிச்சாரு, இவன் வலது பக்கம் மடிச்சான். பெட்ஷீட்டு முறுக்கிக்கிட்டுத் தேர் இழுக்குற கயிறு கணக்கா ஆகிப்போச்சு. நடுவுல சொல்லி விடவும் ஆள் இல்ல. அந்த ஆள்தான் மூட்டை மேல கெடக்கே.

கடைசியில வீட்டுக்காரருக்கே பொறுக்கல. "மாப்ளே, வலது கையைத் தூக்குடா."

"எனக்கு வலதா, உங்களுக்கு வலதா மாமா?"

"உனக்குத்தான்டா!"

தூக்குனான். துணி நேராச்சு. மூலையோட மூலை சேக்கணும்னா ரெண்டு பேரும் நடந்து கிட்ட வந்துதான் ஆகணும். வந்தாங்க.

"கிழமை விசயத்துல நான் மாற மாட்டேன், சொல்லிட்டேன்," கிட்ட வந்து நின்னுக்கிட்டு வீட்டுக்காரரு முறைச்சாரு.

"உங்களை யாரு மாறச் சொன்னா? நானும்தான் மாற மாட்டேன்."

"சரி, அடுத்ததை எடு. பாவம் அவ... இனிமே புதன்கிழமை நம்ம ரெண்டு பேரு."

"ம். மூலையை இறுக்கிப் பிடிங்க மாமா."

கடைசி பெட்ஷீட்டை மடிக்கல. தம்பி அதைக் கொண்டுபோயி அக்கா மேல போத்துனான்.

"டேய், லாட்ஜு துணிடா. திரும்பத் தோய்க்கணும்," வீட்டுக்காரரு குசுகுசுன்னாரு.

"தோய்ங்க. ரெண்டு பேருமா சேந்து," கண்ணைத் தெறக்காமலே அக்கா சொன்னா. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.