என் பெயருக்குக் கீழே ஒரு வெறும் வரி

அம்மாவின் கல்வெட்டில் என் பெயருக்கும் தங்கச்சியின் பெயருக்கும் நடுவில் ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல; ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல் பாட்டு, கடைசியில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று பெயர்கள். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயமுதல் அதைப் புரட்டித் தன் பெயர் இருக்கிறதா என்று தேடாத சொந்தக்காரரை நான் கண்டதில்லை. அந்த வெறும் வரியைக் கண்ட எல்லாரும் அதை அச்சுப் பிழை என்றே நினைத்தார்கள். நாங்களும் அப்படியே நினைக்க விட்டோம்.

அதை அச்சுக்கு ஒழுங்கு செய்தவர் அத்தான், பெரியக்காவின் கணவர். துறைமுகத்தில் எழுதுவினைஞர். எங்கள் வீதிக்கு முதல் கொம்பியூட்டரைக் கொண்டுவந்தவர் அவர்தான். கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்ததை வாங்கி, தலையணைகளுக்கு நடுவில் வைத்துப் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிவருவதுபோல் கூட்டிவந்தார். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து அதன் முன்னால் குந்திவிடுவார். உப்புக் காற்றில் பிரின்டரின் மை உறைந்துபோனால் வெந்நீரில் சீலைத் துண்டை நனைத்து ஒற்றி ஒற்றி எடுப்பார். எழுத்தின் தலையில் வைக்கிற ஒரு குற்று விலகி நின்றாலும் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது சரிவராது பிள்ளை" என்று கிழித்துப் போடுவார். சோறு ஆறிப்போகிறது என்று பெரியக்கா குசினிக்குள் இருந்து பேசுவது அவர் காதில் விழாது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு தட்டெழுதிக் கொடுப்பேன். அம்மாவின் கல்வெட்டையும் அப்படித்தான் செய்தோம்.

தம்பி அப்போது வீட்டில் இல்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊருக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்வார் இல்லை. இராணுவத்தின் குடும்பப் பதிவில் அவன் பெயரை நாங்கள் கொடுக்கவேயில்லை. கேட்டால், எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை. ஆனால் கல்வெட்டில் அவன் பெயர் வரவேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். "பெத்த தாயின்ர கல்வெட்டு மாமா. அதில அவன் இல்லாட்டி வேற எதில இருக்கிறது? ஆமிக்காரன் இதையே வாசிக்கப் போறான்?" என்றார். என் பெயருக்குக் கீழே தம்பியின் பெயரை நானே அடித்தேன்.

அவ்வளவு பிரதிகளை வீட்டுப் பிரின்டர் தாங்காது என்று அத்தான் பிளொப்பியை எடுத்துக்கொண்டு பட்டினத்து அச்சுக் கடைக்குப் போனார். எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துரு அங்கே இல்லை. அந்தக் காலத்தில் எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் தமிழாக வராது. தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்தும், தலைகீழாய் நிற்கிற கேள்விக்குறியும், காசுக்குறியும் கலந்து ஒரு கூட்டுக்கறியாக வரும். எங்கே பிழைத்தது என்று வீட்டில் வைத்துப் பார்க்க அந்தத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அத்தான் சைக்கிளில் திரும்பினார். உட்துறைமுக வீதி இராணுவச் சாவடியில் பையைத் திறந்தார்கள். பக்கம் பக்கமாக யாருக்கும் விளங்காத எழுத்து. இரகசியக் குறிப்பு என்று நினைத்ததில் அவர்களையும் பிழை சொல்ல முடியாது.

ஜீப் எங்கள் படலையில் வந்து நின்றது. அத்தானை நடுவில் விட்டுக் கூட்டிவந்தார்கள். சேர்ட்டின் பொத்தான் ஒன்று போயிருந்தது. அதிகாரி இளம்பொடியன், செத்த வீடு என்று கண்டதும் தொப்பியைக் கழற்றினான். குழம்பிய தாள்களை எங்கள் முன்னால் விரித்துக் காட்டி, கொம்பியூட்டரைப் போடச் சொன்னான். திரையில் தமிழ் ஒழுங்காக விரிந்தது. வாசி என்று எனக்குக் கை காட்டினான். நான் வாசிக்க வாசிக்க அத்தான் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். கட்டின சாரியோடு நின்று, அம்மா பிறந்ததையும் வாழ்ந்ததையும் பிள்ளைகள் கதறுவதையும் அவர்கள் தோளில் தொங்கிய துவக்குகளுக்கு வாசித்துக் காட்டினேன். பெரியக்காவின் பெயர், அண்ணாவின் பெயர், என் பெயர். அடுத்தது தங்கச்சியின் பெயரை வாசித்தேன். யோசித்துச் செய்ததல்ல, வாய் தானாகத் தாண்டியது. அத்தானின் குரலில் ஒரு தடக்கலும் இல்லை. வேறு பிள்ளை இந்த உலகத்தில் இல்லை என்பதுபோல் அவரும் தங்கச்சியிடம் போனார். பின்னால் நின்ற அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதிகாரி சிரித்தான். அவனுடைய வீட்டிலும் சிங்கள எழுத்து இப்படித்தான் குழம்புகிறதாம். "எழுத்துருவையும் அதே பிளொப்பியில போட்டுக்கொண்டு போகட்டாம்," என்று அத்தான் எங்களுக்குத் தமிழில் சொன்னார். காலையில் இருந்து அத்தான் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கலுக்கு, வீட்டைச் சோதிக்க வந்தவன் வழி சொல்லிவிட்டுப் போகிறான். நாங்கள் தேத்தண்ணி கொடுத்தோம். அத்தான், தன் மகன் வயதுக்காரனை, சேர் சேர் என்றார். போகும்போது அவன் இன்னொன்றும் சொன்னான்: அச்சானதும் ஒரு பிரதி சாவடிக்கு வரவேண்டும்.

ஜீப் போன கையோடு அப்பா, "அவன்ர பேரை எடுத்துவிடுங்கோ," என்றார். அம்மாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தான் கதிரையில் குந்தி, பெயரை அழித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார். "மிச்சத்தை மேல ஏத்துங்கோவன்," என்றார் அப்பா. "ஏலாது மாமா. வரியை மூடினா எழுத்தெல்லாம் குழம்பிப்போகும். கடையில நடந்தது மாதிரி." அன்று காலை அந்தக் கூட்டுக்கறியைக் கண்ட வீடு அதை அப்படியே நம்பியது. ஒரு விசையைத் தட்டினால் வரி மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். அத்தான் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அந்தியேட்டி அன்று சாவடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது போக மிச்சப் பிரதிகளைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினோம். "ஒரு சின்னக் கல்வெட்டை ஒழுங்கா அடிக்கத் தெரியேல்லை, பெரிய கொம்பியூட்டராம்," என்று பெரியப்பா பந்தியில் சொன்னார். சிரித்தார்கள். தம்பியின் பெயர் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை; அதற்கான காரணம் எல்லாருக்கும் விளங்கியது, அத்தானின் பிழை மட்டுமே அவர்களுக்குக் கதையாக இருந்தது. அவர் பாயாச வாளியைப் பிடித்தபடி, "ஓம், பிரின்டர் பிழை விட்டுட்டுது," என்றார். ஒரு குற்றுக்காகத் தாளைக் கிழிக்கிற மனிசன். மானம் கப்பலேறுகிறது என்பார்கள். எங்கள் வீட்டு மானம் அன்று ஏறிப் போயிருக்க வேண்டியது, அத்தான் தன்னுடையதை ஏற்றி அனுப்பினார்.

தம்பி தப்பினான். எங்கெங்கோ அலைந்து, கடல் கடந்து, இப்போது பனி கொட்டுகிற ஊரில் பிள்ளைகளோடு இருக்கிறான். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கல்வெட்டு பளபளவென்று ஒரு குறையும் இல்லாமல் வந்தது. போன கிழமை தம்பி, அம்மாவின் கல்வெட்டைத் தான் கண்டதேயில்லை, படம் எடுத்து அனுப்புங்கோ என்று கேட்டான். அனுப்பமுதல், அந்த வரியில் அவன் பெயரை அடித்துச் சேர்த்தால் என்ன என்று எனக்கு ஒரு கள்ள ஆசை வந்தது. மகளின் கொம்பியூட்டரில் அடித்தும் பார்த்தேன். பழைய எழுத்துரு அதில் இல்லை. பெயர் பழஞ்சேலையில் புதுத் துண்டு வைத்துத் தைத்ததுபோல் தனியே தெரிந்தது. அழித்துவிட்டு உள்ளபடியே அனுப்பினேன்.

பின்னேரம் தம்பி போன் எடுத்தான். கல்வெட்டு என் மடியில் இருந்தது. தேவாரத்தைச் சொன்னான், அம்மாவின் படத்தைச் சொன்னான். பிறகு, "சின்னக்கா, உங்கட பேருக்குக் கீழ ஒரு வரி சும்மா கிடக்கு. பிரின்டர் பிழையோ?" என்றான்.

"ஓம் தம்பி," என்றேன்.

"அத்தான் அப்பிடிப் பிழை விடுற ஆள் இல்லையே."

நான் அந்த வெறும் வரியில் விரலை வைத்துக்கொண்டு, தங்கச்சிக்கு இப்போது முழங்கால் நோவு கொஞ்சம் சுகம் என்று சொல்லத் தொடங்கினேன்.