கேப்டன் நேசையனும் ஏழரை மணி ஜெபமும்

நேசையனுக்கு வாழ்க்கையில் எதற்கும் அவசரம் இருந்ததில்லை. நாகர்கோவிலில் அவர் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில், அவர் மேசைக்கு வந்து சேர்ந்த கோப்புகள் அங்கேயே குடியேறிவிடும். ஸ்கூட்டரில் போனால் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் சைக்கிள் மணியடித்து அவரை முந்துவார்கள். கேட்டால், "வேகமா போனவன் எங்க போய்ச் சேர்ந்தான்? அடுத்த சிக்னலுக்கு. நானும் அங்கதாம்ல வாறேன்" என்பார்.

இப்படிப்பட்டவர் போர் விமானி ஆனதற்குக் காரணம் அவர் மகள் ஜெப்சி. பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதில் இணையத்தில் விளையாடும் ஒரு விமானச் சண்டை இருந்தது. மூட்டு வலிக்காக மாலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். நேசையன் பறக்கத் தொடங்கினார்.

இருக்கிற விமானங்களிலேயே மெதுவானதை அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டடுக்குச் சிறகு வைத்த கிழட்டு விமானம். ஆனால் அது நின்ற இடத்தில் திரும்பும். அதை வைத்துக்கொண்டே அவர் வேகக்காரர்கள் பலரை வீழ்த்தினார். மாவட்டத்துக்காரர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து 'தென்முனை ஸ்குவாட்ரன்' என்று ஒன்றை ஆரம்பித்தபோது அவரையே கேப்டனாக்கினோம். அலுவலகத்தில் "சாரே, அந்த ஃபைல் என்னாச்சு?" என்ற குரலை மட்டுமே கேட்டுப் பழகிய காதில், "கேப்டன், வலப்பக்கம் ஒருத்தன் வாறான்" என்ற குரல் என்ன செய்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். சட்டைக்குள் பனியனை மாற்றாதவர், கேப்டனான பிறகு தினமும் மாலையில் முகச்சவரம் செய்துகொண்டார். மைக்கில் முகம் தெரியாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்தப் பதவிக்குத்தான் ஷிபு ஆபத்தாக வந்தான். ஷிபு, நேசையனின் மனைவி லீலாபாயின் அண்ணன் மகன். தோஹாவில் வேலை. லீவில் அஞ்சுகிராமத்து வீட்டுக்கு வந்தபோது பெரிய திரை, பெரிய ஹெட்போன், பெரிய பேச்சு எல்லாவற்றையும் கொண்டுவந்தான். ஸ்குவாட்ரனில் சேர்ந்த வாரமே அவன் கேட்டான்: "மாமா, அது பிளேனா, மாட்டு வண்டிக்குச் சிறகு வச்சதா? இத வச்சா எங்களுக்கு கேப்டனா இருக்கிய?"

"ஏலே, மாட்டு வண்டி முடுக்குல திரும்பும். உனக்க லாரி திரும்புமா?"

"அப்ப ஒத்தைக்கு ஒத்தை அடிச்சுப் பாப்போம். ஜெயிச்சவன் கேப்டன். புதன்கிழமை ஏழரைக்கு."

ஏழரை என்றதும் தன் முகம் மாறியதாக நேசையன் பிற்பாடு சொன்னார். ஏழரை லீலாபாயின் குடும்ப ஜெப நேரம். அது ஷிபுவுக்கும் தெரியும். சின்ன வயதில் லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்தபோதெல்லாம், ஜெபத்தில் கண்ணைத் திறந்ததற்காகத் தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்தவன் அவன். மாமாவால் வர முடியாது, சண்டையில்லாமலே பதவி கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

புதன்கிழமை நேசையன் மனைவியிடம் மெல்லக் கேட்டார். "இன்னைக்கு மட்டும் எட்டு மணிக்கு வச்சா என்ன?"

"கர்த்தருக்க நேரத்த மாத்த நான் யாரு?" என்றாள் லீலாபாய். மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல். "நீங்க ஜெபத்துக்கு வரல்லன்னா ஜெபம் நீங்க இருக்கிற இடத்துக்கு வரும்."

ஏழரைக்குச் சண்டை தொடங்கியது. கோட்டாறில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சுஹைல் நடுவர். நாங்கள் பார்வையாளர்கள்.

வேகமான விமானம் வைத்திருப்பவன் வளைந்து வளைந்து சண்டை போடக்கூடாது. உயரத்திலிருந்து பாய வேண்டும், சுட வேண்டும், மறுபடி மேலே போய்விட வேண்டும். ஷிபு இதைச் சுத்தமாகச் செய்தான். நேசையனால் அவனைத் துரத்த முடியாது. அவன் பாய்ந்து வரும்வரை பேசாமல் நேராகப் பறந்து, சுடப்போகிற கணத்தில் வெடுக்கென்று திரும்புவதுதான் அவருடைய ஒரே வழி. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொஞ்சம் உயரம் போயிற்று. சிறகில் ஓட்டைகள் விழுந்தன. கடைசியில் கடல்மட்டத்தை உரசிக்கொண்டு பறந்தார்.

"மாமா, இனி கீழ போக இடமில்ல. கப்பலா மாறிருங்க."

அப்போதுதான் நேசையனின் மைக்கில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதுவரை முன்னறையில் காத்துப் பார்த்தவள் நாற்காலியை இழுத்தாள். பிறகு அந்தக் குரல்: "கண்களை மூடி ஜெபிப்போம். அன்பின் பரலோகத் தகப்பனே..."

சுஹைல் மரியாதையாகத் தன் மைக்கை அணைத்தான். நாங்களும் அணைத்தோம். லீலாபாய் நன்றி சொல்லி முடித்து, ஒவ்வொருவருக்காகவும் வரிசையாக வேண்டி, போதகரைக் கடந்து, மந்திரிகளைக் கடந்து, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைக் கடந்து வந்தாள். இதற்கிடையே ஷிபு மேலேயிருந்து பாய்ந்துகொண்டிருந்தான். நேசையன் இடப்பக்கம் திரும்பினார். ஷிபு திரும்பவில்லை, சுடவுமில்லை.

"ஆகாய மார்க்கமாய்ப் பிரயாணம் பண்ணுகிறவர்களை உமது செட்டைகளின் மறைவில் காத்துக்கொள்ளும். எங்கள் பிள்ளை ஷிபுவையும்..."

ஷிபுவின் விமானம் கோடு கிழித்ததுபோல நேராகக் கடலுக்குள் இறங்கியது. தண்ணீர் எழும்பி அடங்கியது. நேசையனின் விமானம் வலப்பக்கம் ஒருமுறை சுற்றி, அந்த இடத்தைப் பார்வையிட்டது.

ஜெபம் முடிந்தது. "ஆமென்" என்றாள் லீலாபாய். "ஆமென்" என்றது ஷிபுவின் குரல். அடுத்த நொடி, "ஐயோ, எனக்க பிளேன் எங்க?"

"கடலுக்குள்ள போயிட்டு மக்கா" என்றான் சுஹைல்.

ஷிபு துள்ளினான். "இது செல்லாது! அத்தை ஜெபிச்சா எனக்குத் தானா கண்ணு மூடிரும். மாமாவும் மூடித்தான இருந்திருப்பிய? ரெண்டு பேரும் கண்ண மூடியிருந்த நேரம் கணக்கில்ல. முதல்லேருந்து அடிப்போம்."

முதலிலிருந்து என்றால் மாமா தோற்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும்.

சுஹைல் தொண்டையைச் செருமினான். "அதுல ஒரு சங்கதி இருக்கு. ஜெபம் நடக்கப்ப மாமாக்க பிளேன் ஒருக்கா இடப்பக்கம் திரும்பிச்சு, ஒருக்கா வலப்பக்கம் திரும்பிச்சு. கண்ண மூடிக்கிட்டு எப்படித் திருப்புவாரு? மாமா, நீங்களே சொல்லுங்க. மூடியிருந்தியளா, தொறந்திருந்தியளா?"

மூடியிருந்தேன் என்றால் பதவி போகும். திறந்திருந்தேன் என்றால், பின்னால் வேதப்புத்தகத்துடன் நிற்பவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு கோப்பில் முடிவெடுக்க நேசையன் எடுத்துக்கொள்ளும் காலத்தை அறிந்தவர்கள், நாளைக் காலைவரை காத்திருக்கத் தயாரானோம்.

"தொறந்துதான் இருந்தேன்" என்றார் அவர். உடனே சொன்னார்.

"இன்னைக்கு மட்டுமா?" லீலாபாயின் குரல், மிக அருகில்.

"கல்யாணம் முடிஞ்ச நாள்லேருந்து."

"கேப்டன் மாமாதான்" என்று சுஹைல் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னான். யாரும் கைதட்டவில்லை.

"கேப்டனாட்டே இருங்க" என்றாள் லீலாபாய். "நாளையிலேருந்து ஜெபமும் நீங்களே பண்ணுங்க. நான் எதுக்க இருந்து உங்க கண்ண பாத்துக்கிட்டிருப்பேன்."

இப்போது நேசையன்தான் ஜெபிக்கிறார். தன் இயல்பின்படி, யாரையும் விட்டுவிடாமல், நிதானமாக ஜெபிக்கிறார். மந்திரிகளிடம் வந்து சேரவே வெகுநேரம் பிடிக்கிறதாம். அதுவரை ஷிபுதான் எங்களுக்கு முன்னால் பறக்கிறான். கேப்டன் வந்து சேர்ந்ததும் ஒதுங்கி வழிவிடுகிறான்.

நேற்று அவன் கேட்டான்: "மாமா, எனக்காக ஜெபிச்சியளா?"

"ஜெபிச்சேம்ல. உனக்க வேகம் குறையட்டும்னு."