வேண்டாத கட்டிலும் இல்லாத கதவும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் பலருக்கு அம்மாவைக் ‘கட்டில் டீச்சர்’ என்றால்தான் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் தம்பி ஒருவிதமாகச் சொல்கிறான், நான் ஒருவிதமாகச் சொல்கிறேன். ஒருமுறை எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது.

அம்மா காரவள்ளியில் பிறந்தார். அவரைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் கட்டட வேலைக்குப் போனவர்கள். பள்ளி விடுமுறையில் அம்மாவும் அவர்களோடு போய் மணல் சலித்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்த வருமானத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். திருமணத்துக்குப் பிறகு கொல்லிமலையில் உள்ள ஓர் அரசு மாணவியர் விடுதிக்குக் காப்பாளராக வந்தார். கீழிருந்து மேலே வரும் ஊழியர்கள் வந்த நாளிலிருந்தே மாறுதலுக்கு விண்ணப்பம் போடுவார்கள். அம்மா போடவில்லை. அப்பாவும் தன் தையல் மெஷினை மேலே கொண்டுவந்து, செம்மேட்டில் ஒரு சிறிய கடை வாடகைக்குப் பிடித்தார். நானும் தம்பியும் அங்கேதான் வளர்ந்தோம்.

விடுதியின் குளியலறைகளுக்குக் கதவு இல்லை. மழையில் உளுத்துப்போன பழைய கதவுகளைக் கழற்றிப் போட்டதோடு சரி, புதிது வரவில்லை. பிள்ளைகள் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு குளித்தார்கள். அடுத்த ஆண்டுக்கு என்ன தேவை என்று மேலிடத்திலிருந்து கேட்கும்போதெல்லாம் அம்மா கதவைத்தான் எழுதுவார். அரசின் செலவுக் கணக்கில் கதவு வேறு தலைப்பில் வருகிறது, அந்தத் தலைப்பில் பணம் இல்லை என்று பதில் வரும்.

பணம் இருந்த தலைப்பில் கட்டில் வந்தது. முதலில் வந்த இரும்புக் கட்டில்களால் உண்மையிலேயே நன்மைதான். தரையில் பாய் விரித்துப் படுத்த பிள்ளைகள் குளிரிலிருந்து தப்பினார்கள். அடுத்த ஆண்டு கேட்காமலே இன்னொரு லோடு வந்தது. அறைகளில் இடம் இல்லாததால் படிக்கும் கூடத்தில் அடுக்கினார்கள். பிள்ளைகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த மார்ச் மாதம் மூன்றாவது லாரி வந்து நின்றது.

அன்று பள்ளி விட்டு நானும் விடுதியில்தான் இருந்தேன். லாரி டிரைவர் சீட்டை நீட்டினார்.

“ஏனுங்க டீச்சர், ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா எறக்கிப் போட்டுட்டு, இருட்டறதுக்குள்ள கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கிருவேனுங்க.”

அம்மா அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கட்டில்கள் ஜன்னலை மறைத்து நின்றன.

“இதை எங்கீங்க எறக்குவீங்க?”

அம்மா மேலதிகாரிக்கு போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டதால் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“வாங்கி வைங்கம்மா. மார்ச் முடியறதுக்குள்ள பில் போகணும். செலவு பண்ணலைன்னா பணம் திரும்பிப் போயிரும். அடுத்த வருஷம் ஒதுக்கீட்டையும் குறைச்சிருவாங்க.”

“போகட்டுங்க சார். கட்டில் இல்லாத எடத்துக்குப் போகட்டும்.”

“உங்களுக்கென்ன நஷ்டம்? உங்க கைக்காசா?”

“கைக்காசா இருந்தா ரெண்டாவது லோடே வாங்கியிருக்க மாட்டேனுங்களே.”

போன் துண்டிக்கப்பட்டது. டிரைவருக்கு முகம் வாடிவிட்டது. “திருப்பி எடுத்துட்டுப் போனா ஓனர் வாடகை தருவாராங்க? உங்க சண்டையில நான் சாகோணுங்களா?” என்றார். அம்மா அதை யோசித்திருக்கவில்லை. சரக்கு பழுதில்லாமல் வந்தது, இடமில்லாததால் காப்பாளர்தான் மறுத்தார் என்று சீட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்திட்டார். லாரி உரிமையாளரிடமும் பேசினார். சமையலர் செல்லம்மா அக்கா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, டிரைவர் லாரியைத் திருப்பினார். அவருக்கு முழு வாடகை கிடைத்ததா என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மா வெகுநாள் அதைச் சொல்லி வருத்தப்பட்டார். கட்டிலைத் திருப்பி அனுப்பிய டீச்சர் என்ற பேச்சு பரவி, அந்தப் பெயரும் அம்மாவோடு ஒட்டிக்கொண்டது.

விளக்கம் கேட்டு அம்மாவுக்குக் குறிப்பாணை வந்தது. அரசுப் பொருளைப் பெற மறுத்தது ஒரு குற்றம், மேலதிகாரியின் உத்தரவை மீறியது இன்னொன்று. சக ஊழியர் ஒருவர் ஆறுதலாக, “பயப்படாதீங்க டீச்சர், தண்டனையா மாத்தறதுன்னா கொல்லிமலைக்குத்தான் மாத்துவாங்க. நீங்கதான் ஏற்கெனவே இங்க இருக்கீங்களே” என்றாராம். அம்மா சிரித்தார். ஆனால் அன்று வீட்டில் அவர் சாப்பிடவில்லை. ஓய்வு பெற அதிக காலம் இல்லை, விசாரணை முடியாமல் பணிக்கொடை வராது, அதை நம்பித்தான் காரவள்ளியில் வீடு கட்டத் தொடங்கியிருந்தோம்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. அந்த நாட்களில்தான் அம்மா விடுதி முன்சுவரில் பெயிண்டரை வைத்து எழுதச் சொன்னார். இந்த ஆண்டு விடுதிக்கு அரசு ஒதுக்கியது என்ன, எதற்காக, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. சட்டசபையில் பட்ஜெட் வாசிக்கும் நாளில் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்று உறவினர்கள் கேலி செய்வதுண்டு. அதற்கு அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “அறிவிக்கறது எல்லாருக்கும் கேக்குது. செலவானது யாருக்காச்சும் கேக்குதா?”

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் அந்தச் சுவரைப் படித்தார்கள். முதல் கேள்வி அம்மாவுக்கே வந்தது. மலையிலேயே உள்ள வளப்பூர் நாட்டுப் பகுதியிலிருந்து பலாப்பழத்தோடு வந்த ஒரு தகப்பனார், நிதானமாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கேட்டார்.

“டீச்சர், வெறகுக்கு இவ்வளவு போட்டிருக்கீங்க. இப்பத்தான் கேஸ் அடுப்பு வந்திருச்சுங்களே?”

அம்மா தானும் அந்த வரியைப் படித்தார். சிலிண்டர் வராத நாட்களுக்கு விறகு வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவ்வளவு வேண்டாம். கேஸ் வருவதற்கு முந்தைய ஆண்டின் தொகையையே அப்படியே கேட்டு வாங்கி, கிடைத்ததை விறகாகவே வாங்கி அடுக்கியிருந்தார்.

“நீங்க கேட்டது சரிங்க. நான் யோசிக்காம பழைய கணக்கையே எழுதிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் காது சிவந்திருந்தது. அடுத்த ஆண்டு விறகுக்குப் பாதிதான் கேட்டார்.

அந்தத் தகப்பனாரே பிறகு மற்றப் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு கிராம சபைக்குப் போனார். கட்டிலுக்குப் பணம் வந்திருக்கிறது, கதவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அலுவலர், “தலைப்பு வேறங்க” என்றார்.

“தலைப்பு என்னமோ இருக்கட்டுங்க சார். எங்க புள்ளைக சேலை கட்டிக்கிட்டுக் குளிக்குது. அது எந்தத் தலைப்புல வருதுன்னு சொல்லுங்க, அதுலயே கேக்கறோம்.”

தீர்மானம் எழுதப்பட்டது. உடனே எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டில் கதவுகள் வந்தன. தகரக் கதவுகள்தான், தாழ்ப்பாள் மட்டும் நன்றாக இருந்தது. பிள்ளைகள் தேவையில்லாமல் திறந்தும் சாத்தியும் பார்த்ததாகச் செல்லம்மா அக்கா இன்றும் சொல்வார்.

விசாரணை அதிகாரி ஒருவழியாக நேரில் வந்தார். கூடத்தைப் பார்த்தார், ஓரிரண்டு கேள்விகள் கேட்டார், போய்விட்டார். குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்ட உத்தரவு வந்தபோது அம்மா ஓய்வு பெற்றுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் கிடந்த கட்டில்களை வேறொரு விடுதிக்கு ஏற்றிச் சென்றார்கள். இப்போது பொருள் வாங்கும் முன் ஒவ்வொரு விடுதியிலும் தேவையைக் கேட்கிறார்கள் என்று அம்மாவுக்குப் பின் வந்த காப்பாளர் சொன்னார். அது அம்மாவால்தான் வந்தது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. சுவரில் கணக்கு எழுதுவது மட்டும் தொடர்கிறது. அதை நாங்களே போய்ப் பார்த்தோம்.

ஓய்வுக்காலத்தில் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. வாரந்தோறும் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தார். கடைசி வாரத்தில் பேச்சு குறைந்துவிட்டது. தம்பியின் கையைப் பிடித்து, “கண்ணு, சாப்டியா?” என்று கேட்டதுதான் நாங்கள் கேட்ட கடைசி வார்த்தை.

அரசு மருத்துவமனையில் அம்மாவை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், எந்த நேரம் அழைத்தாலும் வந்த ஆட்டோக்காரருக்கும், மலையிலிருந்து பஸ் ஏறி வந்து முறைவைத்து உடனிருந்த பழைய விடுதி மாணவிகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த காரவள்ளி ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நன்றி சொல்ல இன்னொருவர் இருக்கிறார். பணிக்கொடை வராமல் வீடு பாதியில் நின்ற காலத்தில், வீட்டுச் செலவையும் எங்கள் படிப்பையும் தையல் மெஷினை மிதித்தே தாங்கியவர் அப்பா. சிமெண்டுப் பூச்சு இல்லாத சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவைத் திட்டியிருக்கிறார். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லி என்னத்தைக் கண்டோம் என்று சத்தம் போட்டிருக்கிறார். ஆனால் அன்று அந்த லாரி மலையேறி வந்த நாளிலோ, அதற்குப் பின் எந்த நாளிலோ, “கையெழுத்தைப் போட்டிருக்கலாம்” என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.